முனியாண்டி நீட்டிய கிளாஸ்

அண்ணே,

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் வாசலில், சுவரோடு மாட்டிய சானிடைசர் பெட்டி ஒன்று இருக்கிறது. கையை நீட்டினால் தானாகக் கொஞ்சம் துப்பும். இத்தனை நாளும் அதில் ஏதோ பூவாசனை கலந்திருந்தது. இன்று காலை வேறு ஏதோ ஊற்றியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் வந்த பெரியவர் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார். அவர் விட்டுப்போன வாசனையில் நான் கதவருகே அப்படியே நின்றுவிட்டேன். பச்சைச் சாராய வாசனை.

ஒருநாள் மழையில் என்னை அழைத்துப்போக மோட்டார் சைக்கிளில் வந்தீர்கள். உள்ளே வராமல், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் தூணை ஒட்டி நின்றுகொண்டீர்கள்.

“உள்ள வாங்கண்ணே, சாரல் அடிக்குது.”

“வேணாம் பாப்பா. வாசல்ல ஒரு ஆளு நிக்கிறாரு. பழைய கூட்டாளி. பாத்தா விடமாட்டாரு.”

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. நீங்கள் தாடையால் அந்தப் பெட்டியைக் காட்டினீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் கிட்டே வரவில்லை. நோய்த்தொற்றுக் காலத்தில் ஊரே அதை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு திரிந்தபோது, நீங்கள் சட்டைப்பையில் ஒரு சவர்க்காரத் துண்டை நெகிழிப் பையில் சுற்றி வைத்திருந்தீர்கள். எந்தக் கடைக்குப் போனாலும் “குழாய் எங்க இருக்கு?” என்று கேட்பீர்கள். பலரும் உங்களை ரொம்பச் சுத்தக்காரர் என்றுதான் நினைத்தார்கள்.

நாம் பிறந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டி, லயங்களை இடித்து, எல்லாரையும் சுங்கை சிப்புட் ஊருக்கு வெளியே தாமான் என்ற குடியிருப்பு வீடுகளுக்கு அனுப்பியபோது, சம்சு சாராயமும் கூடவே குடிவந்தது. தெளிந்த நிறம், மலிந்த விலை, தொண்டையில் இறங்கும்போது ஒரு தீக்கோடு. அப்பா அதில்தான் போனார். நீங்கள் மீசை முளைக்கும் முன்பே அதைத் தொட்டுவிட்டதாக அம்மா சொல்வார். ஈப்போ மலைகளிலிருந்து கல் ஏற்றும் லாரியை நீங்கள் ஓட்டிய காலம் முழுவதும், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் உங்களிடம் யாரும் எதையும் பேச முடியாது. உங்கள் பாட்டில்களை அம்மா கண்டுபிடித்துச் சாக்கடையில் ஊற்றுவார். நீங்கள் இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளித்து வைப்பீர்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டில் நடந்த விளையாட்டு அது ஒன்றுதான்.

லாரி நிறுத்தும் இடத்தில் நீங்கள் ரத்தமாகக் கக்கி விழுந்தது ஒரு மத்தியானம். நான் கல்லூரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. உங்கள் இதயம் நின்றுபோய், நெஞ்சை அமுக்கி அமுக்கித் திரும்பக் கொண்டுவந்தார்களாம். டாக்டர் மலாயில் விளக்கியதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். “கொஞ்ச நேரம் அண்ணன் இல்லம்மா. அப்புறம் வந்துட்டாரு.” அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். போய்விட்டு வந்தவன்.

உங்களுக்குப் பேச்சு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “யாரடா பாத்த?”

தொண்டை கட்டிப்போன குரலில் நீங்கள் சொன்னீர்கள். “பெரிய மீச... நெஞ்சு மேல ஏறி நின்னாரு.”

அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மீசை, உயரம், நெஞ்சின் மேல் கால். தோட்டத்து எல்லையில் மூன்று தலைமுறையாகக் கும்பிட்ட முனியாண்டி அல்லாமல் வேறு யார்? வார்டின் நடுவிலேயே தாலிக்கயிறு இல்லாத வெறுங்கழுத்தில் கைவைத்து, அம்மா வேண்டிக்கொண்டார். மகன் நடந்து வீட்டுக்கு வந்தால் சேவலும் சுருட்டும் பாட்டிலும் வைத்துப் படையல் போடுகிறேன், படைத்ததை அவன் கையாலேயே வாங்க வைக்கிறேன் என்று.

இரண்டு நாள் கழித்து, அம்மா குளிக்கப் போயிருந்த நேரம். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு மலாய்க்கார ஊழியர் வார்டுக்குள் வந்தார். ஆறடிக்குக் குறையாத உடம்பு, இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. உங்களைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். அவர் போன பிறகு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

“பாத்துக்க பாப்பா. அம்மாவோட முனியாண்டி தள்ளுவண்டி தள்ளிக்கிட்டுப் போறாரு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்களுக்குச் சிரித்தால் நெஞ்சு வலித்தது. விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டிருந்தது. அன்று நெஞ்சை அமுக்கிய அவர் கைவேலைதான்.

“அம்மாகிட்ட சொல்லிடுங்கண்ணே.”

“எதுக்கு லா? இத்தன வருஷத்துல இப்பதான் தூங்குறாங்க. விடு.”

நான் அப்போது கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்த வயது. செத்துப் பிழைத்தவர்கள் சொன்ன வெளிச்சம், நீண்ட சுரங்கம், மறுகரையில் கைநீட்டும் உறவினர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் வெட்கமில்லாமல் கேட்டேன். அவரைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கொஞ்ச நேரத்தில், என்ன இருந்தது?

மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

“ஒண்ணுமில்ல பாப்பா. வெளிச்சமும் இல்ல, இருட்டும் இல்ல. அப்பாவையும் காணோம். ஆனா ஒண்ணு. குடிக்கணும்னு தோணல.”

எனக்கு விளங்கவில்லை.

“எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து அது கூடவே இருக்கு. தூங்கும்போது இருக்கு, லாரி ஓட்டும்போது இருக்கு, அப்பாவ எரிக்கும்போது கூட இருந்துச்சு. அங்க அது இல்ல. வேணாம்னு கூட தோணல, அது பாட்டுக்கு இல்லாமப் போயிருச்சு. அப்படி ஒரு இருப்பு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது லா.”

அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. ஆசை இல்லாத இடம் ஒன்று உண்டு, அது சாவுக்குள் இருக்கிறது என்று தெரிந்த மனிதன் என்ன செய்வான்? நான் கேட்காததையும் நீங்கள் புரிந்துகொண்டீர்கள். “பயப்படாத. அங்க போயிட்டா சுலபம்தான். இங்க உக்காந்துக்கிட்டே அது முடியுமான்னு பாக்கணும்” என்றீர்கள். பிறகு ஒருபோதும் அதைப் பற்றி நாம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பின் நீங்கள் செய்தவை எல்லாவற்றையும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நான் படித்தேன்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் உங்கள் கை நடுங்கிய நடுக்கத்தில் கோப்பி கோப்பையில் நிற்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தீர்கள். சீனர் மருந்துக்கடையிலிருந்து உப்பும் புளிப்புமான காய்ந்த பழக் கொட்டைகளை வாங்கி வந்து, ஆசை வரும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொண்டீர்கள். துணி துவைக்கும்போது உங்கள் கால்சட்டைப் பையிலிருந்து சப்பிய கொட்டைகளாகக் கொட்டும். லாரியை விட்டுவிட்டு டயர் கடையில் சேர்ந்தீர்கள். வாரம் ஒருமுறை ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில், குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்குப் போனீர்கள். கல்யாண வீடுகளில் பந்தலுக்குப் பின்னால் கூட்டாளிகள் இழுப்பார்கள்.

“என்ன மச்சான், சாமியாராயிட்டியா? ஒரு மடக்கு லா. செத்தா போயிடுவ?”

“போயிட்டு வந்துட்டேன் மச்சான். அங்கயும் ஒண்ணும் ஊத்தல.”

எல்லாரும் சிரிப்பார்கள். நீங்கள் அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் அங்கிருந்து நழுவிவிடுவீர்கள். சிரிக்க வைத்துவிட்டு ஓடுவதுதான் உங்கள் வழி.

படையல் நாள் நெருங்க நெருங்க வீட்டில் பேச்சுக் குறைந்தது. வாழ்நாளெல்லாம் பாட்டில்களைச் சாக்கடையில் ஊற்றிய நம் அம்மா, முதல் தடவையாகச் சாராயக் கடைக்குள் ஏறி, “சாமிக்கு. நல்லதா ஒண்ணு குடு தவுக்கே” என்று சீன முதலாளியிடம் கேட்டுப் பிராந்தி வாங்கி வந்தார். அதைத் துண்டில் சுற்றிச் சாமிப்படங்களுக்குப் பின்னால் வைத்தார். நம் வீட்டில் இந்த முறை பாட்டிலை ஒளித்துவைத்தது அம்மா.

“அம்மா, சாமிக்கு வைங்க. எனக்குக் குடுக்காதீங்க” என்றீர்கள்.

“நான் குடுக்கலடா. அவரு குடுப்பாரு. யாருக்காக வேண்டிக்கிட்டமோ அவன்தான் மொத வாங்கணும். வேண்டாம்னு சொன்னா, குடுத்த உசுர எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு.”

அம்மா அதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார். அந்தக் கிளாஸை மறுத்தால் மகன் செத்துவிடுவான் என்று அம்மாவுக்குத் தெரியும். அதை வாங்கினால் செத்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் அதே உயிரைக் காப்பாற்றத்தான் அடம்பிடித்தீர்கள்.

மாடிக் கூட்டத்தில் ஒரு சீனத் தாத்தா, “உன் சாமி குடிக்கட்டும், நீ எதுக்குக் குடிக்கணும்?” என்று கேட்டாராம். “அவருக்கு நம்ம அம்மாவத் தெரியாது லா” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். ஆனால் வாயில் இரண்டு கொட்டைகள் இருந்தன.

“அந்த மீசைக்காரரைப் பத்தி இப்பவாவது சொல்லிடலாம்ண்ணே. வேண்டுதலே தேவையில்லன்னு ஆயிடும்.”

“சொன்னா நான் தப்பிச்சுக்குவேன் பாப்பா. அம்மாவுக்கு என்ன மிஞ்சும்?”

முனியாண்டி கோயில் இப்போது எண்ணெய்ப்பனைக் காட்டுக்கும் புது வீட்டு வரிசைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. நாம் போன அன்று நல்ல வெயில். உறுமிச் சத்தத்தில் பூசாரி மாமாவுக்கு அருள் வந்தது. மற்ற நாட்களில் தொழிற்சாலை வாசலில் காவலுக்கு உட்கார்ந்து எல்லாருக்கும் சலாம் வைக்கும் மனிதர், அரிவாளும் வாயில் சுருட்டுமாக மண் அதிர நடந்து வந்தார். இலை நிறைய முட்டையும் கருவாடும் சேவல் கறியும். அவர் பாட்டிலைத் திறந்து கிளாஸ் நிரம்ப ஊற்றினார். வாசனை காற்றில் வந்ததும் உங்கள் நாக்கு உதட்டை ஒருமுறை நனைத்தது. அதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

“வாங்கிக்கடா!”

நீங்கள் இரண்டு கைகளையும் கூப்பினீர்கள். ஒரு கையைப் பிரித்தாலும் அது போய் வாங்கிவிடும் என்பதுபோல, விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கமாக.

“கோவிக்காதீங்க சாமி. எனக்கு வேணாம்.”

“நான் குடுத்த உசுருடா அது!”

“ஆமா சாமி. குடுத்தது நீங்க. அத நீங்களே எடுத்துக்கலாமா?”

உறுமி நின்றுவிட்டது. பூசாரி மாமா கிளாஸை நீட்டியபடியே நின்றார். அதற்கு முன்னால் யாரும் முனியாண்டியிடம் கேள்வி கேட்டதில்லை, பதில் என்ன என்று அவருக்கும் தெரிந்திருக்காது. கிளாஸ் உங்கள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நீங்கள் பின்வாங்கவும் இல்லை, கையைப் பிரிக்கவும் இல்லை.

அப்போது அம்மா வந்தார். பெண்கள் நிற்கும் வரிசையைத் தாண்டி, பொம்பளைகள் மிதிக்கக் கூடாத அந்த இடத்துக்கே வந்து, சாமியின் கையிலிருந்து கிளாஸை வாங்கினார்.

“வேண்டிக்கிட்டவ நான். அவன் இல்ல” என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் ஒரு சொட்டும் தொடாத நம் அம்மா, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

“ஐயோ, அக்கா!” என்று யாரோ கத்தினார்கள். அம்மா இருமினார். மூக்கிலும் கண்ணிலும் வழிந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். பூசாரி மாமா அம்மாவையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இருவர் நெற்றியிலும் திருநீறு இட்டார். உறுமிக்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி அடிக்கத் தொடங்கினார். அருள் இறங்கித் தேநீர் குடிக்கும்போது மாமா என்னிடம் மெதுவாகச் சொன்னார், “சாமிக்கே வாயடைச்சுப் போச்சு லா.”

வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் அம்மாவின் தலை உங்கள் தோளில் ஆடிக்கொண்டே வந்தது. பாதி வழியில் கண்ணைத் திறந்து, குழறிய குரலில் கேட்டார்.

“இந்தக் கசப்புக்காடா இத்தன வருஷம்?”

நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். சிரிப்பு அழுகையானது எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியவில்லை. வேன் ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

அதற்குப் பிறகும் நீங்கள் பல வருடங்கள் இருந்தீர்கள். டயர் கழற்றினீர்கள், மாடிக் கூட்டத்தில் புதிதாக வருபவர்களுக்கு நாற்காலி போட்டீர்கள், நான் பட்டம் வாங்கியபோது மண்டபத்தில் எல்லாரையும் விடச் சத்தமாக விசில் அடித்து என்னைக் கூச வைத்தீர்கள். ஆசை போய்விட்டதா என்று ஒருமுறை கேட்டேன். “போகல. பக்கத்து வீட்டுக்குக் குடி போயிருக்கு. சத்தம் கேக்கும்” என்றீர்கள். ஈரல் மட்டும் பழையதை மன்னிக்கவில்லை. கடைசியில் வலி பொறுக்க முடியாமல் ஊசி போட வந்தபோது, தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

“இது போத மருந்தா பாப்பா?”

“வலிக்குண்ணே. வலிக்கு மட்டும்தான்.”

அதன் பிறகுதான் கையை விட்டீர்கள். நீங்கள் போன அன்று மத்தியானம் முகத்தில் எதையும் தேடும் பாவனை இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்று இந்த முறை என்னால் கேட்க முடியவில்லை. முன்பு சொன்னதே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் தீபாவளிக்கு முந்தின நாள். இறந்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்துக் கும்பிடும் நாள். அப்பாவுக்கு ஓர் இலை, உங்களுக்கு ஓர் இலை. சித்தி மகன் சேகர் இரண்டு ஸ்டவுட் பீர் பாட்டில்களோடு வந்தான். ஒன்றை அப்பா படத்துக்கு முன்னால் வைத்தான். அது அவருக்குப் பிடித்ததுதான், யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்னொன்றைத் திறந்து உங்கள் இலையில் வைத்தான்.

“பெரியண்ணே ஆசைய அடக்கிக்கிட்டே போயிட்டாரு. இனிமேலாவது நல்லா குடிக்கட்டும்” என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். “ஆமா லா, ஈரலே இல்லாதவருக்கு இனி என்ன பயம்” என்றார் ஒரு மாமா. சிலர் சிரித்தார்கள். கேட்டிருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

உங்களுக்குத் தெரியும், நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. சொந்தக்காரர்கள் வந்தால் அடுப்படியில் வேலை தேடிக்கொள்வேன். ஆனால் அன்று கையில் வடைத் தட்டோடு நடு வீட்டில் நின்றபடி சொன்னேன்.

“சேகர், அத எடு. அண்ணே குடிக்க மாட்டாரு.”

“அக்கா, அவருதான் செத்துட்டாரே...”

“குடிக்க மாட்டாருடா.”

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை. “அவ சொல்றது கேக்கலையா? எடு” என்றார். சேகர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போனான். இலையில் அது இருந்த இடத்தில் ஈரமாக ஒரு வட்டம் தெரிந்தது. அதன் மேல் நான் வடைகளை அடுக்கினேன்.

உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு சாயங்காலமும் ‘வேணாம்’ என்று நீங்களே சொன்னீர்கள். சாமியிடமும் நீங்களே சொன்னீர்கள். இப்போது வருடத்துக்கு ஒருமுறை, உங்கள் இலைக்கு முன்னால், யாராவது ஒருவர் அன்போடுதான் பாட்டிலைத் திறப்பார்கள். அப்போது சொல்வதற்கு நான் இருக்கிறேன் அண்ணே.

உங்கள்,
பாப்பா